பூத்தையலை நம்பி மலையை விடலாமா: இயந்திரத்துக்கு முன் ஒரு கணக்கு

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், தங்கச்சி. ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டம். ஆறு வயதில் ஒரு பிள்ளை, இரண்டு வயதில் ஒரு பிள்ளை. கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருகிறார். மாமியார் உங்களோடு இருக்கிறார். செக்றோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில், பெயர் பதிந்து நாலரை வருடமாகக் கொழுந்து எடுக்கிறீர்கள். தையலிலும் பூத்தையலிலும், அதாவது எம்பிராய்டரியிலும், ஆறு மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள். இரண்டு இலட்சம் ரூபாய் பெறுமதியான கணினி எம்பிராய்டரி இயந்திரம் ஒன்றை 24 மாதத் தவணையில், வருடத்துக்கு 20 வீத வட்டியில் தருவதாக ஒரு முகவர் சொல்லியிருக்கிறார். எந்த இயந்திரம் நல்லது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் நடுவில், “மலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தே செய்தால் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இதே அளவு உழைக்க முடியுமா?” என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான். ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். இயந்திரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நான் பண்டாரவளைப் பக்கம். மனைப்பொருளியல் படித்து, தொழிற்பயிற்சி நிலையமொன்றில் தையல் கற்பித்து, என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலம் முழுவதும் வீட்டில் இருந்தபடியே பூத்தையல் செய்து விற்றவள். என்னிடம் படித்த பெண்களில் சிலர் இன்றும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பலர் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்களில் கைவேலை போதாமல் நிறுத்தியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் தங்களுக்கு ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்று பாராமல் வேலையை ஒப்புக்கொண்டவர்கள். அல்லது தங்கள் கூலியைச் சேர்க்காமல் விலை சொன்னவர்கள். பூத்தையலில் துணியும் நூலும் எந்தக் கடையிலும் கிடைக்கும். தடையில்லாத நேரம் எங்கும் விலைக்குக் கிடைக்காது. அதுதான் இந்தத் தொழிலின் மூலதனம்.

அந்த நேரத்துக்கு ஒரு விலை போட்டுப் பார்ப்போம். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆக்கப்பட்டது. இன்று உங்களுக்கு வேறு தொகை வருகிறதென்றால் அதை வைத்து இந்தக் கணக்கை மாற்றிப் போடுங்கள். முறை ஒன்றுதான். அந்தச் சம்பளத்துக்கு மேல் தோட்ட நிர்வாகம் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் தன் பங்காகக் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து 202 ரூபாய் 50 சதம். ஆக, மலையில் நீங்கள் நிற்கும் ஒரு நாளின் பெறுமதி ஏறக்குறைய 1552 ரூபாய். எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 194 ரூபாய். இதுதான் உங்கள் அடிமட்டம். பூத்தையலில் பொருட்செலவு கழித்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு இதைவிடக் குறைவாக நிற்குமானால், வீட்டில் இருந்தாலும் நீங்கள் நட்டத்தில்தான் வேலை செய்கிறீர்கள். வீட்டு வேலைக்குச் சேமலாப நிதி கட்ட ஒருவரும் இல்லை என்பதால் அந்தப் பங்கையும் விலைக்குள் சேர்த்து, நீங்களே ஒரு கணக்கில் போட்டுவர வேண்டும்.

இப்போது முகவரின் தவணைக்கு வருகிறேன். இரண்டு இலட்சத்துக்கு வருடம் 20 வீதம் என்றால் இரண்டு வருடத்துக்கு வட்டி 80,000 ரூபாய். மொத்தம் 280,000. மாதத் தவணை 11,667 ரூபாய். 20 வீதம் என்று அவர் சொல்வது, நீங்கள் கடனைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முழு இரண்டு இலட்சத்துக்கும் கடைசி மாதம்வரை வட்டி எடுக்கும் முறை. குறைந்துசெல்லும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் இது வருடத்துக்கு ஏறக்குறைய 35 வீத வட்டிக்குச் சமம். இரண்டு வயதுப் பிள்ளையோடு இருக்கும் ஒரு தாய்க்கு ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் தடையின்றிக் கிடைத்தால் அது நல்ல நாள். மாதம் 24 நாள் என்றால் 72 மணித்தியாலம். 194 ரூபாய் வீதம் 11,667 ரூபாயை உழைக்க 60 மணித்தியாலம் வேண்டும். உங்கள் மாதத்தின் பெரும்பகுதி தவணைக்கே போய்விடும். இயந்திரம் வேகமானது, ஆகவே மணித்தியால வருமானம் கூடும் என்று முகவர் சொல்வார். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வேகத்துக்கு ஏற்ற அளவில் ஓடர் வரும்போதுதான் அது உண்மையாகும். ஓடர் எதுவும் கையில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் சாரிச் சட்டைக்குக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். மலைநாட்டில் கிழமைக்குக் கிழமை நுண்கடன் வசூலுக்கு வருகிறவர்களால் பெண்கள் பட்ட துன்பத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வருமானம் வருமுன் தவணை தொடங்கும் எந்தக் கடனும் இந்தத் தொழிலுக்கு ஆகாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது “நாலரை வருடம்” என்ற சொற்கள். தயவுசெய்து ஐந்து வருடம் முடியுமுன் செக்றோலில் இருந்து பெயரை எடுக்காதீர்கள். நாம் சேவைக்காலப் பணம் என்று சொல்கிறோமே, அந்தப் பணிக்கொடை 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கொடுபடுவது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவர், தானாக விலகினாலும் அதற்கு உரித்துடையவர். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 1350 ரூபாய் வீதம் ஐந்து வருடத்துக்கு 94,500 ரூபாய் வருகிறது. ஆறு மாதம் பொறுத்தால் வட்டியில்லாமல் உங்கள் கைக்கு வரவேண்டிய பணம் அது. இப்போது விட்டால் அது இல்லை. நீங்கள் இருக்கும் லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறை, யாருடைய பெயரில், யாருடைய வேலையின் பேரில் இருக்கிறது என்பதையும் விலகுமுன் தோட்ட அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கி வையுங்கள். இது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் விஷயம். உங்கள் தொழிற்சங்கத் தலைவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே அடுத்த ஆறு மாதத்தை மலையை விடாமல் தொழிலைச் சோதித்துப் பார்க்கும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் இரண்டு கிழமைக்கு நேரக் கணக்கு எழுதுவது. ஊசியை எடுத்த நேரம், வைத்த நேரம், ஏன் வைத்தீர்கள் என்று மூன்றையும் எழுதுங்கள். பிள்ளை அழுதது, தண்ணீர் வந்தது, பக்கத்துக் காம்பராவில் இருந்து யாரோ வந்தது, மின்சாரம் போனது, எல்லாம் அதில் வரட்டும். எழுதிப் பார்க்கும்போது நேரம் மொத்தமாக எவ்வளவு என்பதோடு, எப்படிக் கிடைக்கிறது என்பதும் தெரியவரும். 20 நிமிடத் துண்டுகளாக மூன்று மணித்தியாலம் கிடைப்பதும், மூன்று மணித்தியாலம் ஒரே மூச்சில் கிடைப்பதும் ஒன்றாகாது. எந்த வேலையை எடுக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

துண்டு நேரத்துக்கு ஏற்றது, எந்த இடத்திலும் நிறுத்தி மறுபடி தொடங்கக்கூடிய சிறிய கைவேலை. கைக்குட்டையில் பெயரெழுத்து, தலையணை உறையின் ஓரத்தில் காம்புத் தையலில் ஒரு கொடி, பிறந்த பிள்ளைக்குச் சட்டையும் தொப்பியும் துவாயும் சேர்ந்த ஒரு தொகுதி, பூசைத் தட்டை மூடும் துணி. ஆரி வேலை அப்படியானதல்ல. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மணியைக் கோத்து, கொக்கி ஊசியால் சங்கிலி சங்கிலியாக இழுத்துப் போகும்போது நடுவில் எழுந்தால் இழுவை மாறிவிடும், மணி கொட்டும். சட்டம் வைத்தால் காம்பராவில் பாதி இடம் போய்விடும், நடக்கப் பழகும் பிள்ளை அதில் இடிக்கும். ஆனால் கல்யாணச் சட்டைக்குக் காசு கொடுப்பவர்கள் ஆரி வேலையைத்தான் கேட்கிறார்கள். ஆகவே அதை அடியோடு விடச் சொல்லவில்லை. துணியை இறுக்கிப் பிடிக்கும், தாங்குகால் உள்ள சிறிய வளையத்தில், மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சட்டைக்கு மேல் ஏற்காமல், மாமியார் பிள்ளையை வைத்துக்கொள்ளும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கல்யாண வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் வராது. அந்த ஓய்ந்த மாதங்களில் சிறிய பொருட்களைச் செய்து சேர்த்துவைத்தால் தீபாவளிக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் கையில் இருப்பு இருக்கும்.

விலை சொல்வதுதான் நம் பெண்களுக்கு மிகக் கடினம். கழுத்துக்கும் இரண்டு கைகளுக்கும் எளிய வேலைப்பாடுள்ள ஒரு சாரிச் சட்டையை எடுத்துக்கொள்வோம். ஒன்பது மணித்தியாலம் பிடிக்கிறது என்று வையுங்கள். 194 வீதம் 1746 ரூபாய். நூல், மணி 400 ரூபாய். ஊசி உடைவது, வளையம் தேய்வது, மின்குமிழ் எல்லாவற்றுக்கும் 100. ஹட்டன் டவுணுக்குப் போய்வரும் பஸ் செலவில் இந்தச் சட்டையின் பங்கு 150. கூட்டினால் 2396. துணி கெட்டுப்போனால் ஈடு செய்ய, வாடிக்கையாளர் வாராமல் விட்டால் தாங்க, 15 வீதம் சேர்த்தால் 2755. ஆக 2750 ரூபாய். பொருட்களின் விலையை நான் உதாரணத்துக்கே போட்டேன், உங்கள் ஊர் விலையை எழுதிக்கொள்ளுங்கள். கூலி வரியை மட்டும் குறைக்காதீர்கள். உங்கள் சித்தி மகள் ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு ஒரு கைக்குட்டையை அன்பளிப்பாகக் கொடுங்கள், அது உறவு. சட்டைக்கு முழு விலையைச் சொல்லுங்கள், பாதியை முற்பணமாக வாங்குங்கள். முற்பணம் பொருட்செலவையாவது கட்டாயம் மூட வேண்டும். துணியை வாங்கும்போதே அதில் கறையோ கிழிசலோ உண்டா என்று அவர் முன்னிலையில் பார்த்துக் கொப்பியில் எழுதிவிடுங்கள். முடிக்கும் திகதியைச் சொல்லும்போது உங்களுக்குத் தேவைப்படும் நாட்களைப்போல் இரண்டு மடங்கு சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் காய்ச்சல் வராத மாதம் அரிது.

இயந்திரத்தைப் பற்றி இப்போது. கையில் ஊசியும் வளையமும் போதும் என்ற கட்டம் ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் கணினி இயந்திரத்துக்குத் தாவ வேண்டியதில்லை. இடையில் சாதாரணத் தையல் இயந்திரம் இருக்கிறது. துணியைத் தள்ளும் பற்களைத் தாழ்த்தி, அல்லது ஒரு தகட்டால் மூடி, பாதத்தைக் கழற்றி, வளையத்தில் இறுக்கிய துணியைக் கையால் நகர்த்தி எவ்வளவோ பூ வேலை செய்யலாம். ஸிக்ஸாக் உள்ள இயந்திரமென்றால் எழுத்துக்களும் தடித்த இதழ்களும் அழகாக வரும். மிதி இயந்திரம் மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஓடும். 2022 இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்ட மாதங்களில் மிதி இயந்திரம் வைத்திருந்தவர்கள்தான் வேலையை நிறுத்தாமல் இருந்தார்கள். இதில் கை பழக சில மாதமாகும். பழகிவிட்டால் பிறகு கணினி இயந்திரம் வாங்கினாலும் அந்தப் பழக்கம் வீணாகாது.

கணினி இயந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முகவர்கள் முழுதாகச் சொல்வதில்லை. வீட்டுப் பாவனைக்கானவை நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 முதல் 850 தையல் போடும். 10,000 தையல் உள்ள ஒரு சின்னத்தை 400 வேகத்தில் தைக்க 25 நிமிடம். ஆனால் ஒற்றை ஊசி இயந்திரத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் நிறுத்தி நூல் மாற்ற வேண்டும். ஆறு நிறமென்றால் நீங்கள் அதை விட்டு அகல முடியாது. சிறிய மாதிரிகளின் சட்டகம் பத்து சதமமீற்றர் சதுரம்தான், சட்டையின் முதுகுப் பக்க வேலை அதில் ஒரே தடவையில் அடங்காது. படத்தைத் தையலாக மாற்றும் கோப்பு வேண்டும். அதை டிஜிடைசிங் என்பார்கள். நீங்கள் செய்யக் கற்க வேண்டும், அல்லது ஒவ்வொரு படத்துக்கும் யாருக்காவது கூலி கொடுக்க வேண்டும். பிரதர் இயந்திரம் பி.ஈ.எஸ். கோப்பையும் ஜனோம் இயந்திரம் ஜே.ஈ.எப். கோப்பையும் கேட்கும். துணிக்குப் பின்னால் வைக்கும் தாளும் தொடர்ந்து வாங்கவேண்டிய செலவு. இழுபடும் ரீ-சேட் துணிக்கு வெட்டி எடுக்கும் வகை, நெய்த துணிக்குக் கிழித்து எடுக்கும் வகை. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் இரண்டு இலட்சத்தைப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரிச் சின்னம் பல துணிகளுக்குக் கேட்கும் ஓடர், உதாரணமாக ஒரு பாடசாலையின் இல்ல விளையாட்டுச் சட்டைகள், ஒழுங்காக வரத் தொடங்கும்போது இந்த இயந்திரம் தன் விலையைத் தானே உழைக்கும். அப்படியான ஓடரில் அதிபரின் எழுத்துமூல அனுமதியோடு மட்டும் சின்னத்தைத் தையுங்கள். காட்டூன் உருவங்களையும் பெரிய கம்பனிகளின் சின்னங்களையும் தைத்து விற்க 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் இடம் தராது.

பழைய இயந்திரம் வாங்க நினைத்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஜப்பானில் பாவித்து இங்கே வரும் இயந்திரங்கள் பல 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் இயந்திரம் அந்த நொடியே போய்விடலாம். பின்புறத் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமின்னல் வரும்போது செருகியை முழுதாகக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. லயத்து மின்கம்பி பழையதாக இருந்தால் முதலில் ஒரு மின்னியலாளரைக் கொண்டு பாருங்கள். இயந்திரத்தின் உட்பக்கம் என் துறை அல்ல. பழையதை வாங்கப் போகும்போது தையல் இயந்திரம் திருத்துபவர் ஒருவரைக் கூலி கொடுத்தாவது அழைத்துச் செல்லுங்கள். இன்னொன்று, லயத்தில் சுவர் பொதுச் சுவர். இரவு பத்து மணிக்கு இயந்திரம் ஓடினால் அடுத்த காம்பராக்காரருக்கும் தூக்கம் போகும், உங்கள் சின்னவனும் எழும்புவான். இரவு நேரம் கைத்தையலுக்கு மட்டும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி கணக்கு, யார் போட்டாலும் ஒன்றுதான். இனிச் சொல்வது மலைநாட்டு ஈரத்தில் வேலை செய்து நான் அறிந்தது. உங்கள் பக்கம் மழை என் பக்கத்தைவிட அதிகம் என்பதால் இன்னும் கூடுதலாகவே பொருந்தும். மே முதல் செப்ரெம்பர்வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். எங்கள் ஊவாப் பக்கம் வருட முடிவிலும் தொடக்கத்திலும்தான் பெருமழை. அந்த மாதங்களில் ஊசி துருப்பிடிக்கும், துருவின் கறை வெள்ளைத் துணியில் போகவே போகாது. ஊசியைத் துணியில் குத்தியபடி இரவில் விடாதீர்கள். வளையத்தையும் கழற்றிவிடுங்கள், அதன் தடம் ஈரத்தில் அழுந்திப் பதிந்துவிடும். உள்வளையத்தை வெள்ளைப் பருத்தி நாடாவால் சுற்றினால் துணி நழுவாது, தடமும் குறையும். முடித்த வேலையைத் துவாயின் மேல் கவிழ்த்துப் பின்பக்கமாக அயன் செய்து, சூடு ஆறி ஈரம் முழுதாகப் போன பிறகு மடியுங்கள். ஈரத்தோடு பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வெள்ளைச் சாரித் துண்டில் சுற்றி வைப்பதே நல்லது. அதைவிடப் பெரிய எதிரி அடுப்புப் புகை. விறகு எரியும் குசினிக்குப் பக்கத்தில் ஒரு இரவு தொங்கிய துணியில் வாசனை ஏறிவிடும், கண்டியில் இருந்து ஒருவர் பெட்டியைத் திறக்கும்போது முதலில் அதுதான் தெரியும். துணியும் நூலும் குசினிக்கு எட்டாத சுவரோடு, மூடியுள்ள பெட்டியில் இருக்கட்டும்.

நூலில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆங்கர், டி.எம்.சி. போன்ற நல்ல பருத்தி நூலின் ஒரு கட்டில் எட்டு மீற்றர், ஆறு இழை. இரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் அது நீண்டு போகும். ஒரு தடவைக்கு அரை மீற்றருக்கு மேல் வெட்ட வேண்டாம், நீளமான நூல் துணிக்குள் போய்வந்து பஞ்சாகிவிடும். சிவப்பு, கருநீலம், கரும்பச்சை மூன்றையும் தைக்குமுன் ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். புதுப் பருத்தித் துணியைத் தைக்குமுன் ஒரு முறை நனைத்துக் காயவைத்தால் பிறகு சுருங்கிப் பூ நெளியாது. இயந்திர வேலைக்கு ரேயன் நூலின் மினுக்கம் அழகுதான். ஆனால் பாடசாலை உடுப்பு, பிள்ளை உடுப்பு போன்று அடிக்கடி வெளுப்பவற்றுக்குப் பொலியெஸ்டர் நூல்தான் நிலைக்கும். இங்கே சில்லறையாக வாங்கும் விலைக்கும் புறக்கோட்டை கெய்சர் வீதியில் மொத்தமாக வாங்கும் விலைக்கும் வித்தியாசம் இருக்கும். கணவர் கொழும்பில் இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. நிற எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள். “இளஞ்சிவப்பு” என்று சொல்லி அனுப்பினால் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு இளஞ்சிவப்பு வரும்.

பிள்ளைகளின் பாதுகாப்பை நான் கடைசியில் சொல்வதால் அது சிறியது என்று எண்ண வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளை எதையும் வாயில் வைக்கும். ஊசிகளை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால் கிடைக்கும்வரை பிள்ளையைத் தரையில் விடாதீர்கள். ஒரு காந்தத் துண்டு வைத்திருந்தால் தேடுவது எளிது. மணியும் சமிக்கியும் பிள்ளை தூங்கும் நேரத்தில் மட்டும் வெளியே வரட்டும். நீங்கள் விற்கும் பிள்ளை உடுப்புகளிலும் இதே கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உடுப்பில் மணி, பொத்தான், சமிக்கி எதையும் வைக்காதீர்கள். உள்பக்கத்தில் நீளமாகத் தொங்கும் நூல் கைக்குழந்தையின் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும், குழந்தை அழுவதற்குக் காரணம் ஒருவருக்கும் தெரியாது. கையுறை, காலுறை, தொப்பி என்று விரலும் தலைமுடியும் படும் எதற்கும் உள்பக்கம் மெல்லிய துணியால் மூடித் தையுங்கள்.

மாமியாரைப் பற்றி ஒரு வரி மட்டும் எழுதியிருந்தீர்கள், “அவர் உதவி செய்வார்” என்று. அந்த உதவியைத் தெளிவாகப் பேசி வையுங்கள். வீட்டில் இருக்கும் மருமகள் சும்மா இருக்கிறாள் என்ற எண்ணம் யாரும் கெட்டவராக இல்லாமலே வந்துவிடும். மலையை விட்ட பிறகு, பெரியவள் பாடசாலைக்குப் போயிருக்கும் நேரத்துக்குள் ஒரு பகுதியை, உதாரணமாக எட்டரையில் இருந்து பதினொன்றரைவரை, உங்கள் வேலை நேரம் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியட்டும். அந்த நேரத்தில் சின்னவனை அவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் மாதம் ஒரு தொகையை அவர் கையில் கொடுங்கள், சிறியதானாலும். அது இல்லாமல் உங்கள் மூன்று மணித்தியாலம் இல்லை. தொழிலாளரின் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னவனை விட முடியுமா என்பதையும் கேளுங்கள். மலைக்குப் போகாத தாயின் பிள்ளையை ஏற்பார்களா என்பது அந்தந்தத் தோட்டத்தைப் பொறுத்தது. வேலைக்கு இடது பக்கத்தில் இருந்து வெளிச்சம் விழும்படி சன்னலோரம் அமருங்கள், நீங்கள் இடக்கைக்காரர் என்றால் வலது பக்கம். மஞ்சள் மின்குமிழின் கீழ் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். நிறம் தேர்வதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் முழுப்பெயரிலேயே செய்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். முதல் ஆறு மாதம் உங்கள் பெயரே போதும். உங்கள் சான்றிதழ் தேசிய தொழிற்தகைமை மட்டத்தோடு வந்ததா என்று பாருங்கள். அப்படியானால் பிரதேச செயலகத்திலும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையிலும் உதவி கேட்கும்போது அதைக் காட்டலாம். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்தால் கண்காட்சிகளுக்கு வழி திறக்கும். விற்பதற்கு முகநூலில் படம் போடுவதோடு நிற்காதீர்கள். ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்கும், நானுஓயா–எல்ல ரயிலில் வரும் வெளிநாட்டவர்களுக்கும் தேயிலைத் துளிர் தைத்த ஒரு மேசைத்துணி, கைத்துடைப்பு நினைவுப்பொருளாகப் பிடிக்கும். கொழுந்து கிள்ளிய கைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை, கடைகளில் விற்கும் அச்சுப் படங்களில் அது பெரும்பாலும் பிழையாகவே இருக்கிறது. மாசி, பங்குனித் திருவிழாக்களுக்குத் தோட்டத்துக் கோயில்களில் அம்மனுக்குப் பட்டுப் பாவாடையும் திரைச்சீலையும் புதிதாகத் தைப்பார்கள். அதைக் கோயில் கமிட்டியிடம் இரண்டு மாதம் முன்னதாகவே கேட்டுவையுங்கள்.

முதல் வருடத்தில் பூத்தையல் மட்டும் மலைச் சம்பளத்துக்கு ஈடாகுமா என்றால், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஆகாது என்பதே நான் கண்டது. சின்னவன் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் நிலைமை மாறும், அதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே முகவரிடம் இப்போது கையெழுத்து வைக்காதீர்கள். அவர் வற்புறுத்தினால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: 24 மாத முடிவில் மொத்தமாகக் கட்டும் தொகை எவ்வளவு, ஒரு தவணை பிந்தினால் என்ன நடக்கும், இயந்திரம் பழுதானால் ஹட்டனுக்கே வந்து திருத்துவார்களா அல்லது கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா. பழுதான நாட்களுக்குத் தவணையை நிறுத்திவைப்பார்களா என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.